ஒன்பதாம் தூணின் கண்ணாடி

ஓம்ப்ரகூர்ப் பேராலயத்துக்குள் கால் வைக்கவே கிஸ்லேனுக்குப் பயம். ஐம்பத்து நாலு வயதாகிறது. லீல் நகரத்தில் இருபத்தெட்டு வருடமாக மருந்துக்கடை நடத்துகிறாள். ஊரார் பதற்றத்துக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவளிடம் தன் பதற்றத்துக்கு மட்டும் மருந்து இல்லை. பிறந்த ஊருக்கு எப்போதாவது வந்தாலும் சந்தை, தம்பி வீடு, அப்பாவின் கல்லறை, திரும்ப ரயில் என்று கோயிலைச் சுற்றிக்கொண்டே போய்விடுவாள். இந்தத் தடவை தப்ப வழியில்லை. தம்பி மக்ஸான்ஸ் நாற்பதைத் தாண்டிக் கல்யாணம் செய்து பெற்ற ஒரே மகள் அப்போலினுக்கு நாளை ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். ஞானத்தாய் கிஸ்லேன்தான். இன்றைக்குச் சனிக்கிழமை, பிள்ளைகள் சாமியாரிடம் தங்கள் பாவங்களைச் சொல்லும் முதல் பாவசங்கீர்த்தனம்.

"நீயே கூட்டிட்டுப் போ அக்கா. நான் கடையப் போட்டுட்டு எங்க வர்றது? நாலரை மணிக்கு ரொட்டிக் கூடையத் தூக்கிட்டு வர்றேன், அவ்வளவுதான். வெச்சுட்டு உடனே கிளம்பிடுவேன்" என்று சொல்லிவிட்டான் மக்ஸான்ஸ். கோயிலும் அவனும் ஜென்மப் பகை. மனைவியின் நச்சரிப்புக்காகத்தான் மகளை ஞானோபதேச வகுப்புக்கே அனுப்பினான்.

தெற்குப் பக்கத்துச் சின்னக் கதவைத் தள்ளினாள். தோல் தைத்த அந்தக் கதவு பின்னால் மூடிக்கொள்ளும்போது ஒரு பெருமூச்சு விடும். நாற்பத்தைந்து வருடம் ஆகியும் அதை யாரும் சரி செய்யவில்லை. வெளியே மே மாத வெயில், உள்ளே ஜனவரிக் குளிர். இந்தக் கோயில் ஊருக்குப் பொருந்தாத கோயில். நாலாயிரம் பேர் இருக்கிற ஊரில், நாற்பதாயிரம் பேருக்கு என்று யாரோ ஒரு ஆயர் ஆசைப்பட்டு எழுப்பியது. பாதி உயரத்தில் நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நிறுத்தத் தெரியாத மனுஷர் போலிருக்கிறது. தூண்கள் மேலே மேலே போய், கண்ணுக்கு எட்டாத இருட்டில் வளைந்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். "மேல பாக்காதடி, தலை சுத்தும்" என்று அம்மா சொல்லுவாள். கிஸ்லேன் அன்றும் பார்ப்பாள், இன்றும் பார்த்தாள். அத்தனை கல்லும் தன்னையே பார்ப்பதுபோல அன்றும் இருந்தது, இன்றும் இருந்தது.

"அத்தை, எங்கள ஒனோரே சிற்றாலயத்துலதான் உக்காரச் சொல்லியிருக்காங்க" என்று அப்போலின் கையைப் பிடித்து இழுத்தாள்.

அங்கே போகக் கூடாது என்றுதான் கிஸ்லேன் வேண்டிக்கொண்டு வந்தாள். வடபுறத்தில் ஒன்பதாம் தூணுக்குப் பின்னால் இருக்கும் சிற்றாலயம் அது. ரொட்டிக்காரர்களின் பாதுகாவலர் தூய ஒனோரே அங்கே கையில் நீளக் கரண்டியோடு நிற்பார். அவர் காலடியில்தான் அவளுடைய அப்பா செத்தார்.

*

அது 1958. அவளுக்கு ஒன்பது வயது, மக்ஸான்ஸுக்கு எட்டு. அப்போதெல்லாம் வியாழக்கிழமை பள்ளி விடுமுறை, அதனால் அன்றைக்கு ஞானோபதேசம். ரதேகோந்த் சிஸ்டர் பிள்ளைகளைத் தூணோரம் வரிசையாக உட்காரவைத்து மிரட்டுவார். "பாவமே செய்யலன்னு எவனாவது உள்ள போய்ச் சொன்னீங்க, அதுதான் எல்லாத்தையும் விடப் பெரிய பாவம், தெரிஞ்சுக்கோங்க!" பாவம் இல்லாமல் உள்ளே போக முடியாது. ஒன்பது வயதில் ஒரு பிள்ளை அத்தனை பாவத்துக்கு எங்கே போகும்? பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்து பாவங்களைக் குசுகுசுவென்று பங்குபோட்டுக்கொள்ளும். எவளோ ஒருத்தி கோழியைத் திருடினேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவள் வீட்டில் கோழியே கிடையாது, பக்கத்து வீட்டிலும் கிடையாது.

பங்குச்சாமி என்கன் கண்டிப்பான மனிதர். திரை போட்ட மரக்கூண்டான பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையையும் "வேற என்ன?" என்று மூன்று தடவை கேட்காமல் விடமாட்டார். கிஸ்லேன் சர்க்கரை திருடியதைச் சொன்னாள். வேற என்ன? தம்பியைக் கிள்ளியதைச் சொன்னாள். வேற என்ன? கையிருப்பு தீர்ந்துவிட்டது. தொட்டியின் திரை விலகியிருந்த இடுக்கு வழியாக ஒன்பதாம் தூண் தெரிந்தது. தூணில் ஒரு விரிசல். அந்த விரிசலின் குறுக்கே கொத்தனார் லோமெல் விரல் அகலத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு முனையிலும் சுண்ணாம்புச் சாந்து அப்பி, தேதி எழுதிவைத்திருந்தார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் ஆபத்து என்று அர்த்தம். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். அன்றைக்கு அந்தக் கண்ணாடி நடுவில் இரண்டாக உடைந்திருந்தது.

"தூண்ல ஒட்டியிருந்த கண்ணாடிய நான்தான் உடைச்சேன், சாமி."

சாமியார், "இதாவது உருப்படியா ஒரு பாவம்" என்றார். மூன்று 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லச் சொன்னார். கிஸ்லேன் ஒன்றரை மந்திரம் சொல்லிவிட்டு, துள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள்.

மூன்று வாரம் கழித்து ஆண்டவர் விண்ணேற்றத் திருநாள். சாமியார் மந்திரித்து எல்லாருக்கும் பங்கிடும் ரொட்டியைக் கொடுக்கும் முறை அந்த வருடம் அவர்கள் வீட்டுக்கு. அப்பா எல்லாருக்கும் முன்னால் எட்டரை மணிக்கே கூடையைத் தூக்கிக்கொண்டு ஒனோரே சிற்றாலயத்துக்குப் போனார். கிஸ்லேன் அப்பாவின் ரொட்டிக் கடையில் இருந்தாள். பரணிலிருந்து மாவு மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டதுபோல ஒரு சத்தம். அம்மாகூட அப்படித்தான் நினைத்து, "யாருடா அது பரண்ல?" என்று மேலே பார்த்துக் கத்தினாள். பரணில் யாரும் இல்லை. சிற்றாலயத்தின் கல்வளைவு முழுவதும் கீழே வந்திருந்தது. சாயங்காலம்தான் அப்பாவை எடுத்தார்கள். ரொட்டிகளை மறுநாள்தான் எடுத்தார்கள்.

கொத்தனார் லோமெல் அடக்கத்தன்றே கல்லறைத் தோட்டத்தில் நின்று அழுதுகொண்டு சொன்னார். "கண்ணாடி உடைஞ்சிருக்கு, பூட்டணும்னு நான் போய் நின்னேன்யா. சாமியார்தான் ஒண்ணுமில்ல, வேற ஒண்ணு ஒட்டிடுன்னாரு!" விசாரணைக்கு வந்தவர்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று சாமியாரைக் கேட்டார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. ஆயரும் கேட்டுப் பார்த்தார். அப்போதும் திறக்கவில்லை. திமிர் என்றது ஊர். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் தலையே போனாலும் வெளியே சொல்லக் கூடாது என்பது ஊருக்குத் தெரியாத விஷயமா என்ன? ஆனால் அதையும் இதையும் முடிச்சுப்போட ஒருவருக்கும் தோன்றவில்லை. கிஸ்லேனுக்கே பதினாலு வயதில்தான் உறைத்தது. உறைத்த அன்று ராத்திரி அவளுக்குக் காய்ச்சல் கண்டது, பத்து நாள் படுத்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அம்மா சாகும்வரை சொல்லவில்லை. என்கன் சாமியாரைச் சதுப்புநிலத்துப் பக்கம் ஒரு குக்கிராமத்துக்கு மாற்றி, அவர் அங்கேயே இருபத்து மூன்று வருடம் இருந்து செத்தபோதும் சொல்லவில்லை. அந்தச் செய்தி வந்த அன்று மக்ஸான்ஸ் நல்ல ஒயின் பாட்டில் ஒன்றைத் திறந்தான். அவளுக்கும் ஒரு டம்ளர் ஊற்றினான். அவள் குடித்தாள். அந்த ஒரு டம்ளருக்காகத் தன்னை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

*

சிற்றாலயத்தில் அப்போலினோடு சேர்த்துப் பதினோரு பிள்ளைகள் நாற்காலிகளில் கால் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். விழுந்த வளைவைத் திரும்பக் கட்டியிருந்தார்கள். புதுக் கல் பழைய கல்லைவிட வெளிறிப்போய் இருந்தது. எதிர்ப்புறச் சிற்றாலயத்தில் ஆன்செல்ம் சாமியார், முப்பது வயதுகூட இருக்காது, கழுத்தில் ஊதாப் பட்டையோடு உட்கார்ந்திருந்தார். இப்போது தொட்டி கிடையாது, எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலிதான்.

"அத்தை, எங்கிட்ட பாவமே இல்லையே. என்ன பண்ண?" அப்போலின் காதில் கேட்டாள்.

"உங்கப்பனுக்குத் தெரியாம பிரியோஷ் பன் எடுத்துத் தின்னிருப்பியே."

"அதச் சொல்லிட்டேன்னு வெச்சுக்கோ. அப்புறம்?"

முறை வந்து பிள்ளை எழுந்து போனாள். நாலு நிமிடத்தில் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தாள்.

"நாலு பாவம் சொன்னேன்! மூணு என்னோடது. ஒண்ணு கொரான்தன் குடுத்தது."

"என்ன பாவம்டி அது?"

"தூண்ல இருக்கே, கண்ணாடி. அத உடைச்சேன்னு. நல்ல பாவம், ஃபாதர் நம்பிடுவாருன்னு கொரான்தன் சொன்னான். எல்லாரும் அதையேதான் சொல்றாங்க அத்தை."

கிஸ்லேன் திரும்பினாள். ஒன்பதாம் தூணில், அவள் நெஞ்சு உயரத்தில், ஒரு கண்ணாடித் துண்டு. தேதி போன வருடத்தது. நடுவில் இரண்டாக உடைந்து, ஒரு பாதி இன்னொரு பாதியைவிட நூல் அளவு கீழே இறங்கியிருந்தது.

"உண்மையச் சொல்லு கண்ணு. யாராவது தொட்டீங்களா அத?"

"சாமி சத்தியமா இல்ல. புதன்கிழமை முழுசா இருந்துச்சு, நான் அதுல ஆவி ஊதி மூக்கு வரைஞ்சேன். இன்னிக்கு வந்து பாத்தா இப்படி."

தூணின் பின்னாலிருந்து கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ஃபுல்பேர் வந்தார். பள்ளிக்கூடத்தில் கிஸ்லேனுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். ஒரு கையில் சாந்து குழைத்த கிண்ணம், மறு கையில் புதுக் கண்ணாடித் துண்டு.

"அட, பெரிய இடத்து ஆளெல்லாம் வந்திருக்கு! வழி தெரிஞ்சுதா?"

"ஃபுல்பேர், என்ன பண்ணப் போற?"

"தெரியலையா? ஒட்டப் போறேன். இந்தக் குரங்குக் கூட்டம் உடைச்சு வெச்சிருக்கு."

"பிள்ளைங்க உடைக்கல."

"எந்தப் பயடா இதுன்னு ஒரு அதட்டு போட்டேன். கொரான்தன் எழுந்து நின்னு நான்தான்னு ஒத்துக்கிட்டான். ஒத்துக்கிட்டவனைக் கோர்ட்டுக்கா கூட்டிட்டுப் போகச் சொல்ற?"

"அவன் சும்மா சொல்லியிருக்கான். அவங்கள்லாம் சும்மா சொல்றாங்க. கல் வேலை பாக்கிற ஆபீசுக்குப் போன் பண்ணு. சிற்றாலயத்தப் பூட்டு."

ஃபுல்பேர் வாய்விட்டுச் சிரித்தார். "பூட்டறதா? நாளைக்கு ஆயர் வர்றாரு. எழுபது நாற்காலி இங்கதான் போட்டிருக்கு. போன் பண்ணினா வடக்குப் பக்கம் மொத்தத்தையும் கயிறு கட்டி மூடிட்டு, செப்டம்பர்ல வந்து பாக்கறேம்பான். செய்யாத தப்ப எந்தப் பிள்ளையாவது செஞ்சேன்னு சொல்லுமா, கிஸ்லேன்? செஞ்சதையே இல்லேங்கற வயசு இது!"

அந்தக் கேள்விக்கு இந்த ஊரில் பதில் தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்று அவளுக்குத் தெரிந்தது. பதிலைச் சொல்லலாம். சொன்னால் பூட்டுவார்கள். வாயைத் திறக்கப் போகிற நேரத்தில் பின்னால் பழகிய செருப்புச் சத்தம் கேட்டது. மக்ஸான்ஸ், இடுப்பில் பெரிய பிரம்புக் கூடை, மேலே வெள்ளைத் துணி. அப்பாவின் கூடை அது. அப்பாவின் நடையும் அதேதான். எதற்கு இவனுக்கு இந்த நடையையும் கொடுத்துவைத்தாய் என்று அவள் கடவுளிடம் கோபப்பட்டாள்.

"எங்க வைக்கணும்? சீக்கிரம் சொல்லு, அடுப்புல வேலை கெடக்கு" என்றான் ஃபுல்பேரிடம். அப்புறம் அக்காவின் முகத்தைப் பார்த்தான். "என்ன ஆச்சு? பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"ஒண்ணுமில்லப்பா. கண்ணாடி உடைஞ்சதுக்கு உங்கக்கா கோயிலையே இழுத்து மூடச் சொல்றா" என்றார் ஃபுல்பேர்.

மக்ஸான்ஸ் தூணைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

நாற்பத்தைந்து வருடம் அடைத்துவைத்தது ஒரே மூச்சில் வெளியே வந்தது. "செய்யாததச் சொல்லும், ஃபுல்பேர். பிள்ளை சொல்லும். நான் சொன்னேன். அம்பத்தெட்டுல, இதே தூண். கண்ணாடி ஏற்கனவே உடைஞ்சுதான் இருந்துச்சு. எங்கிட்ட சொல்லப் பாவம் இல்ல. அந்த மனுஷன் வேற என்ன வேற என்னன்னு விடல. நான்தான் உடைச்சேன்னு சொல்லிட்டேன். அதனாலதான் அவர் லோமெல்கிட்ட ஒண்ணுமில்ல, வேற ஒட்டுன்னாரு. அதனாலதான் ஏன்னு கேட்டப்போ அவரால பேச முடியல." தம்பியின் பக்கம் திரும்பினாள். அவனைப் பார்க்கும் தைரியம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "அப்பாவக் கொன்னது அவர் இல்ல மக்ஸான்ஸ். நான். நீ என்ன வேணா சொல்லு, அடி, எனக்கு அது வேணும். ஆனா மொதல்ல இந்தப் பிள்ளைங்கள இங்கேருந்து கிளப்பு."

ஃபுல்பேரின் கிண்ணத்தில் சாந்து இறுகிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கலக்கவும் மறந்துவிட்டார்.

மக்ஸான்ஸ் கூடையை மெதுவாகத் தரையில் வைத்தான்.

"வரிசையில நான் உனக்கு முன்னாடி உக்காந்திருந்தேன். ஞாபகம் இருக்கா?" என்றான்.

"இருக்கு."

"எனக்கும் மூணாவது தடவைக்கு ஒண்ணும் இல்ல அக்கா. நானும் அதையேதான் சொன்னேன்."

கிஸ்லேன் அவனைப் பார்த்தபடியே நின்றாள்.

"அந்த ஆளை ஊரெல்லாம் நின்னு திட்டினேனே, ஜன்னல்ல கல்ல விட்டு எறிஞ்சேனே, எதுக்குன்னு நெனச்ச? பயம். ஒருநாள் இல்ல ஒருநாள் அவர் வாயத் திறந்து, இந்தப் பயதான்டான்னு காட்டிடுவாரோன்னு பயம். அவர் திறக்கவே இல்ல." அவன் மூக்கை உறிஞ்சினான். "நம்ம ரெண்டு பேரும் சொன்னதக் கேட்டிருக்காரு. இன்னும் எத்தனை பேர் சொன்னாங்களோ. எல்லாத்தையும் முழுங்கிட்டுச் செத்திருக்காரு."

அவள் அவன் தோளைத் தொட வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் அவன் கீழே குனிந்துவிட்டான். கூடையின் வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். துணிமேல் பொடியாக ஏதோ படிந்திருந்தது. வெள்ளைத் துணியில் வெள்ளைப் பொடி, ரொட்டிக்காரன் கூடையில் யாரும் கவனிக்காத விஷயம். அவன் விரலால் எடுத்துக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தான். ஒரு தடவை, இன்னொரு தடவை.

"இது மாவு இல்ல அக்கா."

மூன்று பேரும் மேலே பார்த்தார்கள். வண்ணக்கண்ணாடி வழியாக வந்த வெளிச்சத்தில் அந்தப் பொடி மெல்ல, அவசரமே இல்லாமல், இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கோயிலில் இதுவரை யாரும் போடாத சத்தத்தைக் கிஸ்லேன் போட்டாள். "எழுந்திருங்க எல்லாரும்! ஓடுங்க! கோட்டு, பை எதையும் எடுக்காதீங்க! ஃபாதர், நீங்களும்!" நாற்காலிகள் சரிந்து உருண்டன. மக்ஸான்ஸ் ஒரு கையில் மகளையும் இன்னொரு கையில் கொரான்தனையும் தூக்கிக்கொண்டு ஓடினான். ஃபுல்பேர் கடைசியாக வந்தார், கையில் புதுக் கண்ணாடியைப் பிடித்தபடியே.

வெளியே சதுக்கத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எதிர் ஓட்டலில் பியர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிஸ்லேன் பிள்ளைகளை எண்ணினாள், பதினொன்று, மறுபடியும் எண்ணினாள். கொரான்தன்தான் முதலில் அழ ஆரம்பித்தான்.

"ஃபாதர், நான் உடைக்கல, ஃபாதர். சும்மா சொன்னேன்."

"நானும் உடைக்கல" என்றாள் ஒரு பெண். "நானும்" என்றாள் அப்போலின். ஒவ்வொன்றாக எல்லாப் பிள்ளைகளும் அழுதுகொண்டே அவரைச் சுற்றி நின்று அதையே சொல்லின. அந்த இளம் சாமியார் பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு தலையிலும் கையை மட்டும் வைத்தார். உதட்டை இறுக்கி மூடியிருந்தார், முகம் வெளுத்துப்போயிருந்தது. கேட்டது எதையும் கேட்டேன் என்றுகூட அவரால் சொல்ல முடியாது. அந்த மூடிய வாயைக் கிஸ்லேன் அடையாளம் கண்டுகொண்டாள். ஊர் முழுக்கத் திமிர் என்று சொன்னது இதைத்தான்.

மக்ஸான்ஸும் பார்த்தான். சின்ன வயதிலிருந்து எந்தச் சாமியாருக்கும் கழற்றாத தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். "கூடைய உள்ளயே விட்டுட்டேன்" என்று சும்மா முனகினான்.

அப்போது கோயிலுக்குள்ளே, அன்றைக்குப் போலவே, பரணிலிருந்து ஒரு மாவு மூட்டை விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.